கீழாநெல்லியிடம் என்ன கேட்டோம்?

வடகிழக்குப் பருவமழை விட்ட சில நாட்களில் நசரத்பேட்டையின் காலி மனைகளில் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். வெளிவட்டச் சாலையும் பெங்களூரு நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போகும் வழியோரங்களில், செங்கல் அடுக்கிய மனைகளின் ஓரத்தில் என்று எங்கும் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். மெல்லிய கிளையின் இருபுறமும் சின்னச் சின்ன இலைகள். கிளையைத் திருப்பினால் அடியில் வரிசையாகக் கடுகளவுக் காய்கள். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் இதைச் சமூலமாகப் பிடுங்கி, மண் போகக் கழுவி, மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு, எண்ணெய் ஆகாது என்று பத்தியமும் உண்டு. சித்த மருத்துவரிடம் போனவர்களும் போகாதவர்களும் ஒரே மாதிரி அறிந்து வைத்திருக்கும் வைத்தியம் இது.

இந்தச் செடியை உலக மருத்துவத்தின் நடுக்கூடத்துக்கே கொண்டுபோய் நிறுத்திய ஆய்வு சென்னையில்தான் நடந்தது. 1988 அக்டோபரில் 'லான்செட்' இதழில் அதன் முடிவு வெளியானது. தரமணியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் முதல் ஆசிரியர். இவர் பிற்பாடு அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அதற்கும் பிறகு போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பு வகித்தார். கட்டுரையின் கடைசிப் பெயர் பாரூக் பிளம்பர்க். ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தை முதலில் கண்டுபிடித்து, 1976-இல் நோபல் பரிசு பெற்றவர். இர்விங் மில்மனோடு சேர்ந்து அந்தக் கிருமிக்குத் தடுப்பூசி வகுத்தவரும் அவரே.

இருவரும் சந்தித்த பாதை தற்செயலானதன்று. தியாகராஜன் குழு 1982-லேயே கீழாநெல்லிச் சாறும் கரிசலாங்கண்ணிச் சாறும் அந்த மேலுறைப் புரதத்தைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்வதை 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் எழுதியிருந்தது. பிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் பிளம்பர்க், மில்மன், வெங்கடேஸ்வரன் மூவரும் 1987-இல் இன்னொரு படி ஏறினார்கள். செடியின் நீர்ச்சாறு, கிருமி தன் மரபுப்பொருளைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியைத் தடுத்தது. மேலுறைப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டது. ஹெபடைடிஸ் பி-யின் உறவுக் கிருமி தொற்றிய வுட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிவிலங்குகள் சிலவற்றில் தொற்று குறைந்தது. அதே ஆண்டில் அந்த மையம் இதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கியது. நம் வீட்டு வாசல் செடிக்கு அங்கே காப்புரிமை என்பது என்னை இன்றும் உறுத்துகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் ஆய்வின் உள்ளடக்கத்தைப் பார்க்கத் தவறிவிடக் கூடாது.

1988 ஆய்வில் 78 பேர். எல்லோரும் ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு உலர்த்திப் பொடித்த கீழாநெல்லி 200 மி.கி. அடைத்த கேப்சூல், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. முடித்த 15 முதல் 20 நாளில் ரத்தம் பார்த்தபோது, மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம், அதாவது 59 சதவீதத்தினரிடம், மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே அப்படி. சிலரை ஒன்பது மாதம்வரை தொடர்ந்து பார்த்தார்கள். போனது யாரிடமும் திரும்பவில்லை. பக்கவிளைவும் ஏறக்குறைய இல்லை.

இந்த எண் எவ்வளவு பெரியது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நாள்பட்ட தொற்றுள்ளவர்களிடம் இந்தப் புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவரிடம் என்ற அளவில்தான் நடக்கும். இன்று கையில் இருக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற நல்ல மருந்துகள்கூடக் கிருமியைப் பெருகவிடாமல் அடக்கி வைக்குமே தவிர, அதை உடலைவிட்டு முழுதாக வெளியேற்றுவது அரிது. ஒரு மாதக் கேப்சூல் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேரைத் தொற்றிலிருந்து விடுவிக்கிறது என்றால், கல்லீரல் மருத்துவத்தின் போக்கே மாறியிருக்கும். அதனால்தான் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆய்வாளர்கள் இதைத் தாங்களும் செய்து பார்க்கக் கிளம்பினார்கள்.

செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தாய்லாந்தில் நடந்த சோதனையின் தோல்வி 1990-இல் அதே லான்செட்டில் வெளியானது. நியூசிலாந்திலிருந்து 1994-இல் தோல்விச் செய்தி. அதே 1994-இல் பம்பாயில் இரண்டு கட்டமாக நடந்த சோதனையிலும் மேலுறைப் புரதம் போகவில்லை. வெவ்வேறு நாட்டுச் சோதனைகளைத் திரட்டி 2011-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 16 சோதனைகளையும் 1,326 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. அவற்றில் போலி மருந்தோடு நேரடியாக ஒப்பிட்டது ஒன்றே ஒன்று. அதிலும் தெளிவான பலன் இல்லை. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி இனச் செடிகள் பயன்படும் என்று சொல்ல நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

சென்னை ஆய்வை மதிப்பவர்கள் இதற்கு மூன்று சமாதானம் சொன்னார்கள். மூன்றுமே காது கொடுத்துக் கேட்க வேண்டியவை.

முதலாவது, செடி வேறு. இது சாக்குப்போக்கே இல்லை. இந்தியத் தாவர நூல்கள் நெடுங்காலம் 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்று ஒரே பெயரில் எழுதிவந்தது உண்மையில் மூன்று இனங்களின் கலவை என்று மித்ராவும் ஜெயினும் 1985-இல் எடுத்துக் காட்டினார்கள். அசல் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் மனையில் முளைப்பது பெரும்பாலும் அமாரஸ். அதோடு ஃப்ரேட்டர்னஸ், டெபிலிஸ் இரண்டும் கலந்து நிற்கும். பிலடெல்ஃபியாக் குழுவே 1987-இல் நிரூரி என்று எழுதியதை 1988-இல் அமாரஸ் என்று மாற்றிக்கொண்டது. பிரித்தறிய ஒரு வழி உண்டு. இலைக்கக்கத்தில் இருக்கும் பூ ஓரிரு மில்லிமீட்டர்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்சை வைத்துப் பார்த்தால் அமாரஸ் பூவில் ஐந்து இதழ்கள், மற்ற இரண்டிலும் ஆறு. அமாரஸில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கக்கத்தில் சேர்ந்தே இருக்கும். ஃப்ரேட்டர்னஸில் தனித்தனியாக இருக்கும். உலர்த்திப் பொடித்துவிட்டால் இவை எதுவும் மிஞ்சாது. தென்னிந்தியாவில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிய சரக்கை ஆராய்ந்து பெங்களூரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, 76 சதவீதக் கடைகளில் அனேகமாக அமாரஸ் மட்டுமே இருந்தது. மீதிக் கடைகளில் வேறு ஐந்து இனங்கள் இருந்தன. நான்கில் ஒரு கடையில் வாங்குவது வேறு செடியாக இருக்கலாம் என்று அர்த்தம். மூலிகைக் கலப்படம் பற்றி நாம் அஞ்சும் அளவோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை. ஆனால் ஒரு மருந்துச் சோதனைக்கு இது போதாது.

இரண்டாவது, கிருமி வேறு. இந்தியாவில் ஹெபடைடிஸ் பி கிருமியின் டி, ஏ வகைகள் அதிகம். தாய்லாந்தில் பி, சி. எந்த வயதில் தொற்றியது என்பதைப் பொறுத்தும் உடல் அதை எதிர்கொள்ளும் விதம் மாறும். ஆகவே தாய்லாந்தை ஒதுக்கி வைக்கலாம். பம்பாயை எப்படி ஒதுக்குவது?

மூன்றாவது, தயாரிப்பு வேறு: எப்போது பறித்தது, எந்த மண், எப்படி உலர்த்தியது. இதற்கு மறுமொழி 1995-இல் வந்த சீன ஆய்வில் இருக்கிறது. மூன்று இடங்களின் மூன்று கீழாநெல்லி வகைகளை 123 நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். அவர்களில் 11 பேருக்குக் கொடுத்தது தியாகராஜனே சென்னையிலிருந்து அனுப்பிய அமாரஸ். எந்தப் பிரிவிலும் ஒருவரிடம்கூட மேலுறைப் புரதம் மறையவில்லை. 11 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் சென்னையில் கண்ட 59 சதவீதம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் உண்மையென்றால், 11 பேரில் ஒருவருக்குக்கூட வேலை செய்யாமல் போக வாய்ப்பு சுமார் 18,000-த்தில் ஒன்று. நானே போட்ட எளிய கணக்கு இது, கால்குலேட்டரில் 0.41-ஐ 11 முறை பெருக்கினால் யாருக்கும் கிடைக்கும். செடி அதேதான், அனுப்பியவரும் அவரேதான், பலன் மட்டும் இல்லை.

அப்படியானால் 1988-இல் நடந்தது என்ன? 78 பேரில் தொடங்கி, கணக்கில் வந்தவர்கள் 60 பேர். இடையில் 18 பேர் விடுபட்டுப் போனார்கள். இவ்வளவு சிறிய சோதனையில் அது பெரிய ஓட்டை. சாறு மேலுறைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், ரத்தப் பரிசோதனையின் கண்ணில் படாமல் அது புரதத்தை மறைத்திருக்குமோ என்ற ஐயமும் எழலாம். ஆனால் ஒன்பது மாதம் கழித்தும் திரும்பவில்லை என்பதற்கு அந்த விளக்கம் போதாது. எது காரணம் என்று அறுதியிட முடியாது. ஓர் ஆய்வின் பலன் வேறு கைகளில் மீண்டும் கிடைக்க வேண்டும் என்பதே அறிவியலின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு இங்கே சரியாக வேலை செய்தது. சென்னைக் குழு தன் முறையை ஒளிக்காமல் எழுதியது, பிறர் கேட்டபோது தன் செடியையே அனுப்பிக் கொடுத்தது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, செடிக்குள் இருக்கும் சரக்கைப் பார்ப்போம். கீழாநெல்லியின் கசப்பைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் டி.ஆர். சேஷாத்ரியும். குளித்தலையில் பிறந்த சேஷாத்ரி அப்போது வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1946-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை பேசும் அந்தக் கசப்புப் பொருளின் பெயர் ஃபில்லாந்தின். அதன் உடன்பிறப்பு ஹைப்போஃபில்லாந்தின். இவை லிக்னன் வகைச் சேர்மங்கள். மற்ற இனங்களில் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்து, அமாரஸில் மட்டும் கணிசமாக இருப்பதால், சரக்கு அசலா என்று பார்க்க இன்று ஆய்வகங்கள் ஃபில்லாந்தினைத்தான் அளக்கின்றன.

இங்கேதான் ஒரு குழப்பம் புகுந்துவிடுகிறது. அடையாளம் காட்டும் பொருள் வேறு, வேலை செய்யும் பொருள் வேறு. ஃபில்லாந்தின் நீரில் எளிதில் கரையாது. 1987-இல் நொதியைத் தடுத்ததோ நீர்ச்சாறு. நீரில் இறங்குவது பெரும்பாலும் ஜெரானியின், கோரிலாஜின் போன்ற துவர்ப்புச் சேர்மங்கள். துவர்ப்புச் சேர்மங்களின் இயல்பே புரதத்தைக் கட்டிப் பிடிப்பதுதான். பச்சைப் பாக்கைக் கடித்ததும் நாக்கு இழுத்துப் பிடிப்பது அதனால்தான். நொதியும் புரதம், கிருமியின் மேலுறையும் புரதம். ஆகவே சோதனைக் குழாயில் இவை எதைத் தொட்டாலும் தடுப்பதாகத் தெரியும். வாய் வழியே உள்ளே போனால் கதை வேறு. ஜெரானியின் அப்படியே ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அதை உடைத்து யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றுகின்றன. அந்த நுண்ணுயிரிகள் ஆளுக்கு ஆள் வேறு. கல்லீரலுக்கு எது போய்ச் சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்று அளக்காமல் குழாயில் கிடைத்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நெடுஞ்சாலையை ஒட்டிப் பூந்தமல்லி தொடங்கித் திருமழிசை வரை மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல், மருந்தியல் என்று கல்லூரிகள் நிறைந்துவிட்டன. மாணவர்களின் ஆய்வேடுகளில் கீழாநெல்லி அடிக்கடி வருகிறது. சாறு எடுத்து ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சோதனை செய்வது, எலிக்குக் கார்பன் டெட்ராகுளோரைடோ அதிக அளவு பாராசிட்டமாலோ கொடுத்துக் கல்லீரலைக் கெடுத்து, செடிச் சாறு அதைக் காக்கிறதா என்று பார்ப்பது, கணினியில் ஃபில்லாந்தின் வடிவத்தை ஏதோ ஒரு புரதத்தில் பொருத்திப் பார்ப்பது. இவை தொழில் பழகுவதற்கு நல்லவை, கை தேறும். ஆனால் கரைப்பான் நஞ்சால் வெந்த எலிக் கல்லீரல் வேறு, கிருமி குடியேறிய மனிதக் கல்லீரல் வேறு. இப்படி எத்தனை கட்டுரை குவிந்தாலும் மோரில் கலக்கிக் கொடுக்கும் அந்த உருண்டை வேலை செய்கிறதா என்ற கேள்வி நகரவே நகராது.

அந்தக் கேள்விக்குத் திரும்ப வேண்டும். ஏனென்றால் வீடுகளில் கீழாநெல்லியிடம் கேட்டதும் ஆய்வகம் கேட்டதும் ஒரே கேள்வி அன்று. வீட்டில் கேட்டது: கண் மஞ்சள் போகுமா, பசி எடுக்குமா? ஆய்வகம் கேட்டது: பல்லாண்டாக அறிகுறி எதுவும் இல்லாமல் ஒளிந்திருக்கும் ஒரு கிருமியை ஒழிக்குமா? அறிகுறியற்ற ஹெபடைடிஸ் பி-க்காக எந்தப் பாட்டியும் கீழாநெல்லி அரைத்ததில்லை. அரைத்திருக்கவும் முடியாது, அப்படி ஒரு தொற்றை ரத்தத்தில் கண்டறிய 1960-களுக்கு முன்பு வழியே இல்லை. மரபு அனுபவம் எதைப் பற்றிப் பேசியதோ அதைச் சோதிக்காமல் வேறொன்றைச் சோதித்து, தோற்றதும் மரபே பொய் என்பதும் நியாயமில்லை, வென்றதாக நம்பி மரபே மெய் என்பதும் நியாயமில்லை.

வீட்டுக் கேள்விக்கும் எளிதான விடை இல்லை. குடிநீரில் கழிவுநீர் கலக்கும்போது பரவும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. லாரித் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் என்று வீட்டுக்கு ஒரு விதமாய்க் குடிக்கும் மேற்குப் புறநகரில் இதன் வாய்ப்பு எப்போதும் உண்டு. இந்த இரண்டு கிருமியும் பெரும்பாலானவர்களிடம் சில வாரத்தில் தாமாகவே அகன்றுவிடும். நிறம் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் நேரத்தில்தான் வைத்தியமும் நடக்கும். கொடுத்தது கீழாநெல்லியானாலும் கரும்புச்சாறானாலும் பெயர் அதற்கே போகும். இதைப் பிரித்தறிய ஒப்பீட்டுப் பிரிவு வேண்டும். திருவனந்தபுரத்தில் அப்படி ஒரு சோதனை நடந்து 1999-இல் வெளியானது. கடும் காமாலையில் கீழாநெல்லி நோயின் நாட்களைக் குறைக்கவில்லை. ஒரே சோதனை, சிறியது. அதோடு கதவை மூடிவிட எனக்கு மனமில்லை. அதைத் தாண்டி நம்பிக்கை கொடுக்கவும் கையில் ஒன்றும் இல்லை.

நோயாளிகளுக்கு ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம். காமாலை என்றதும் முதலில் ரத்தப் பரிசோதனை: எந்தக் கிருமி, பிலிருபின் எவ்வளவு, ரத்தம் உறையும் நேரம் என்ன. கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் இ வந்தால் நான்கைந்து பேரில் ஒருவரைக்கூட அது கொண்டுபோகும். நோயாளி குழப்பமாகப் பேசினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்தாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனை. ஹெபடைடிஸ் பி இருப்பதாகத் தெரிந்தால், 2018 ஜூலையில் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கீழாநெல்லி சாப்பிட்டு மஞ்சள் போய்விட்டது என்று இந்தத் தொற்றைக் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் ஆபத்து; நிறம் தெளிந்த பிறகும் கிருமி உள்ளே இருந்து, பல ஆண்டு கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ திரும்பி வரும்.

சரியான கேள்வியோடு ஒரு சோதனை எப்படி இருக்கும்? தயாரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு மலேரியா மருந்தின் வரலாறு ஒரு பாடம். சீனத்தின் டு யூயூ 1970-களின் தொடக்கத்தில் மலேரியாவுக்கான ஒரு மூலிகையைக் கொதிக்க வைத்தபோது பலன் நிலைக்கவில்லை. பழைய மருத்துவ நூலில் குளிர்நீரில் ஊறவைக்கச் சொன்னதைக் கவனித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் சாறெடுத்தபோதுதான் ஆர்ட்டிமிசினின் கைக்கு வந்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. கீழாநெல்லியை நம்மவர்கள் கொதிக்க வைப்பதில்லை, பச்சையாக அரைத்துக் கொழுப்புள்ள பாலிலோ மோரிலோ கலக்குகிறார்கள். நீரில் கரையாத லிக்னன் கொழுப்போடு சேர்ந்து உள்ளே போக அது உதவுகிறதா என்பதை யாராவது மனிதர்களிடம் அளந்து பார்க்க வேண்டும். ஆரோக்கியமான சில தன்னார்வலர்களுக்கு ஒரு நாள் நீரிலும் ஒரு வாரம் கழித்து மோரிலும் கொடுத்து, மணிக்கொரு முறை ரத்தத்தில் ஃபில்லாந்தின் அளவைப் பார்த்தால் போதும். பெரிய செலவில்லை, இந்த நெடுஞ்சாலைக் கல்லூரிகளிலேயே செய்யலாம்.

அடுத்தது நோயாளிகளிடம். ஹெபடைடிஸ் ஏ அல்லது இ என்று ரத்தத்தில் உறுதியான, அபாய அறிகுறி இல்லாத, கர்ப்பிணி அல்லாத பெரியவர்கள். செடியைப் பூவோடு பறித்து, தாவரவியலாளர் இதழை எண்ணி உறுதிசெய்த மாதிரியை மூலிகைச் சேகரத்தில் வைத்துவிட வேண்டும். ஃபில்லாந்தின், கோரிலாஜின் இரண்டையும் ஒவ்வொரு தொகுதியிலும் அளந்து எழுத வேண்டும். போலி மருந்து தயாரிப்பதுதான் சிரமம்: பச்சை நிறமும் புல்வாடையும் அந்தக் கசப்பும் இல்லாவிட்டால் நோயாளி முதல் மடக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். எனவே உருண்டையைக் கைவிட்டு, உறைந்த நிலையில் உலர்த்திய பொடியைக் கேப்சூலில் அடைப்பதே வழி. பிலிருபின் பாதியாகக் குறைய எத்தனை நாள், மீண்டும் வேலைக்குப் போக எத்தனை நாள் என்ற இரண்டு அளவு போதும். தொடக்கத்திலேயே இவற்றை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். பதிந்த பிறகு அளவுகோலை யாருக்கும் தெரியாமல் மாற்ற முடியாது, பாதியில் விட்டுப்போனவர்களையும் கணக்கில் காட்டியே தீர வேண்டும்.